செவலையின் கால்வழி

புல்லாங்கரட்டில் மாடு கழிக்கத் தெரிந்தவள் சவேரியம்மாள் ஒருத்திதான் என்று, அவளோடு பேச்சுவார்த்தை அறுந்தவர்கள்கூடச் சொல்வார்கள். அந்த ஊர் ஏலமலையின் மேற்குச் சரிவில், கம்பம் பள்ளத்தாக்கு முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகிற இடத்தில் இருந்தது. ஏலக்காய் பறிக்க மலையேறி வந்து, காடு கைமாறிய பிறகும் இறங்கிப் போக மனசு வராமல் தங்கிவிட்ட கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் அங்கே புல்லை நம்பி மாடு வளர்த்து, மாட்டைக் கறிக்குக் கொடுத்துப் பிழைத்தன. மந்தையில் எது நிற்கவேண்டும், எது கத்திக்குப் போகவேண்டும் என்று பிரித்தெடுப்பதற்குத்தான் அங்கே கழிப்பது என்று பேர்.

சவேரியம்மாள் பார்க்கிற பார்வையில் இரக்கம் இருக்காது. கோடையில் கரடு காய்ந்து கிடக்கும்போது புண்ணாக்கு, தவிடு எதையும் மோந்துகூடப் பார்க்காமல், வெறும் புல்லிலேயே விலா எலும்பு தெரியாமல் நிற்கிற பசுதான் அவளுக்குப் பசு. கால் குட்டையாக, வாய் அகலமாக, இடுப்பு பரந்திருக்கவேண்டும். வருஷம் தவறாமல் கன்று போடவேண்டும், போட்ட கன்றை ஆள் துணையில்லாமல் நக்கி எழுப்பவேண்டும். ஆளைக் கண்டு மிரளக்கூடாது, மிரள்கிற மாட்டின் கறி கட்டையாகப் போகும். இதில் ஒன்று குறைந்தாலும், அது அவள் மடியில் தலைவைத்துப் புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடேரியாகவே இருந்தாலும், கறிக்கடை மைதீன் ராவுத்தருக்கு ஆள் போய்விடும். அவள் புருஷன் சூசை வேறு மாதிரி. வேலி கட்டுவான், காயடிப்பான், சினைமாட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுப்பான், பிறக்கிற ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பேர் வைப்பான். பேர் வைக்கிறது சூசை, பேரை அழிக்கிறது சவேரி என்று ஊரில் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரே மகள், அமலி. பதினாறு வயசு. இடதுகைக்காரி. நடக்கும்போது எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போகிறவள்.

ஆடிமாதச் சாரல் வாரக்கணக்கில் விடாமல் அடித்த ஒரு பகலில், சாப்பாட்டு நேரம் கழிந்து, மலை இறங்கியது. சத்தம் கேட்டவர்கள் லாரி கவிழ்ந்ததாக நினைத்தார்கள். கரட்டின் மேல்பாதி, மரமும் பாறையும் மண்ணுமாக, உடுத்தியிருந்த சேலை நழுவுகிற மாதிரி நழுவிக் கீழே ஓடைவரை வந்து நின்றது. சவேரியம்மாள் ஏலக்காய் காயவைக்கிற உலையிலிருந்து ஓடிவந்தபோது வீடு அப்படியே இருந்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அமலி இல்லை. ஓடைக்கு எதிர்ப்பக்கம் குடியிருந்த ரோசம்மா, அந்தப் பிள்ளை சிவப்புக் குடை பிடித்துச் சரிவில் ஏறிப்போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். எதற்குப் போனாள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மழையென்று மாடுகள் அன்றைக்குப் பட்டியைவிட்டு வெளியே வரவில்லை, சரிவில் விறகுமில்லை, அந்தப் பக்கம் வீடுமில்லை.

தோண்டினார்கள். ஊரே தோண்டியது, பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தோண்டினார்கள், இயந்திரம் வந்து தோண்டியது. குடையின் கம்பி கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. கடைசியில் பங்குச் சாமியார் வந்து மொத்தச் சரிவையும் கல்லறையாக மந்திரித்து, நடுவில் ஒரு மரச்சிலுவை நட்டுவிட்டுப் போனார். எல்லோரும் மண்வெட்டியைக் கழுவி வைத்த பிறகும் சவேரியம்மாள் நாள்தோறும் அங்கே போய் நின்று மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஐப்பசி மழைக்கு அந்தச் சரிவில் புல் முளைத்தது. ஒரு விதையும் யாரும் போடவில்லை. முழங்கால் உயரத்துக்கு, தொட்டால் கையில் ஒட்டுகிற பச்சையாக, காற்றில்லாத நேரத்திலும் லேசாக அசைந்துகொண்டு நின்றது. மாடுகள் அதன் ஓரத்தில் வந்து வந்து திரும்பின. முதலில் உள்ளே இறங்கி மேய்ந்தது செவலை என்ற பசு. அப்போது அது சினையாக இருந்தது. மற்ற மாடுகள் அதன் பின்னால் போனதெல்லாம் பிற்பாடுதான்.

செவலை போட்ட காளைக்கன்று வளர்ந்து, கொழுத்து, ஒரு கிறிஸ்துமஸுக்குக் கறியானது. வழக்கம்போல வீட்டுக்கு வீடு பங்கு போயிற்று. பண்டிகைநாள் மத்தியானம் மளிகைக்கடைத் தேவசகாயம் முதல் வாய் மென்றவன், மெல்லுவதை நிறுத்திவிட்டு, எச்சில் கையோடு எழுந்து, சவேரியம்மாளின் மேட்டுவீட்டுக்கு ஏறிவந்தான்.

"சவேரி, உன் மக என் கடையில தேன்மிட்டாய் எடுத்திருக்கா. நான் தராசப் பாத்துக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு எடுத்து ஒண்ணத் திரும்ப வச்சிட்டா. திரும்ப வைக்கிறப்ப அவளுக்கு நெஞ்சு எப்பிடி அடிச்சுச்சு தெரியுமா? இங்க பாரு, இன்னும் எனக்கு அடிக்குது."

அவன் போவதற்குள் ரோசம்மா வந்தாள். ரோசம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகி மாதாவுக்கு நேர்ந்து நேர்ந்து முழங்கால் தேய்ந்தவள். அவள் வாசலில் நின்று, எதையோ கொடுக்க வந்தவள் மாதிரி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு சொன்னாள்: "நான் உன் முதுகுல தூளிகட்டிக் கெடந்தேன் சவேரி. நீ காய் பறிச்சுக்கிட்டே போற. கன்னத்த வச்சுப் படுத்திருக்கேன். உன் முதுகு இம்புட்டுச் சூடா இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சே."

அன்று பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. ஒரு கிழவர் இடதுகையால் அ எழுதிக் காட்டினார். ஒருத்தி, அம்மை கண்டு படுத்திருந்தபோது வேப்பிலைக் கொத்து முகத்தில் பட்ட குளிர்ச்சியைச் சொன்னாள். யாரும் அலறவில்லை, சாமியாடவில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் மாதிரி வந்து, ஆளுக்கொன்றாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள்.

சவேரியம்மாளும் அதே கறியைத்தான் தின்றாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மிளகும் மல்லியும் மணத்தன, கறி பதமாக வெந்திருந்தது, அவ்வளவுதான். சூசை தின்னவே இல்லை. மகள் போன நாளிலிருந்து அவன் கறி தொடுவதில்லை. ஆட்கள் வரத் தொடங்கியதும் பட்டிக்குப் போய்விட்டான். "பிள்ளைய மண்ணு தின்னுச்சு, மண்ணப் புல்லு தின்னுச்சு, புல்ல மாடு தின்னுச்சு. அதோட நிக்கட்டும்" என்று ஒருமுறை சொன்னான். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

ஊர் அதைத் தன் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில், இதற்கு வேதத்தில் விதியும் இல்லை விலக்கும் இல்லை, செபம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், வந்ததை உரியவளிடம் சேர்த்துவிடுங்கள் என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மேட்டுவீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்தன. சவேரியம்மாள் பெரிய பானையில் கட்டன் காப்பி போட்டுவைத்து, கேட்டுக்கொண்டே இருப்பாள். ஈரலில் மழைநாள் வரும், விலாவில் பள்ளிக்கூடம் வரும் என்று பெண்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒன்றும் வராதவர்கள் ராவுத்தரிடம் போய், பழைய கறியைத் தள்ளிவிட்டதாகச் சண்டை போட்டார்கள். அடிவாரத்துத் தங்கும் விடுதிக்காரர் பெருமையாகக் கறி வாங்கிப்போய், தேனிலவுக்கு வந்த ஒரு சோடிக்குப் போட்டார். அந்த இரண்டு பேரும் முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுநாளே ஊருக்குத் திரும்பினார்கள். அதோடு வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை என்று ஊர் முடிவு செய்தது.

ஜீப் ஓட்டுகிற ஜெரால்டுக்கு வந்தது வேறு. அமலி இருந்த காலத்தில் அவள் வீட்டு வளைவில் அவன் ஜீப்பை மெதுவாக்குவான். அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தான். இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருக்கிற அவன், ஒரு துண்டு தொடைக்கறியை மென்றபடியே, மிளகுக்கொடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் ஜீப்புக்காகக் காத்து நின்றான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாடு வெட்டியபோது அவன் பெண்சாதிக்கே வந்துவிட்டது. அவள் சவேரியம்மாளிடம் வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு அம்புட்டு அழகுன்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரிஞ்சது அத்த" என்றாள். பிறகு வீட்டுக்குப் போய் அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஆனால் சவேரியம்மாள் காத்திருந்தது இவை எதற்கும் இல்லை. வருகிற ஒவ்வொருத்தரிடமும், சொல்லி முடித்ததும், ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "செவப்புக் குடை வந்துச்சா? மேல எதுக்குப் போனான்னு தெரிஞ்சுச்சா?" இல்லை என்பார்கள். அவளும் தலையாட்டுவாள். அடுத்த மாட்டில் வரும்.

சரிவுப் புல்லை எல்லா மாடும்தான் மேய்ந்தது, ஆனால் எல்லா மாட்டிலும் அமலி வரவில்லை. செவலையின் கால்வழியில் மட்டும்தான் வந்தாள். வேறு காளைக்குப் பிறந்த செவலையின் பேரன்பேத்திகளில் பாதிதான் வந்தாள். படம் இருக்கும், குரல் இருக்காது. நாலு வீட்டில் ஒரு வீட்டுக்கு வரும், அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இது சவேரியம்மாளுக்கு ஆச்சரியமாக இல்லை. கொம்பும் நிறமும் குட்டைக்காலும் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். "ரத்தத்துல இறங்குது. கலந்தா கரையும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவலையின் கடைசி மகன் செங்காரியைக் காயடிக்க வேண்டாம் என்று சூசையிடம் சொன்னாள். அதைச் செவலையின் மகள்கள் மேலேயே விட்டாள்.

"கூடப்பொறந்ததுக மேலயா?" என்றான் சூசை.

"ஆமா."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். வேலியச் சாத்துங்க."

அந்தச் சேர்க்கையில் பிறந்தவற்றில் அமலி முழுசாக வந்தாள். ஒரு கணம் இல்லை, ஒரு முழு மத்தியானம் வந்தது. குரலோடு, வாசனையோடு, காலில் முள் குத்தின வலியோடு வந்தது. அடுப்பில் பாலைவைத்துவிட்டு ஒரு துண்டு ருசி பார்த்த ஒருத்தி, பால் பொங்கிக் கருகி அடுப்பு அணைந்த பிறகுதான் திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுக்க ஒரே அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அமலி உட்கார்ந்திருந்தாள். சொந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தவர்களுக்கு அவள் முதல்பல் விழுந்த நாள் நினைவிருந்தது. பிள்ளைகள் சிலர் அதற்காக அவளைக் கருவினார்கள். ரோசம்மா மட்டும் மாசம் எப்போது வரும், மாடு எப்போது விழும் என்று காத்திருந்து, பங்கு வாங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றாள்.

சிவப்புக் குடை மட்டும் வரவில்லை. இன்னும் கெட்டியாக்க வேண்டும் என்று சவேரியம்மாள் நினைத்தாள். செங்காரியை அதன் மகள்கள் மேலேயே விட்டாள்.

மந்தை சுருங்கியது. முதலில் எலும்பு மெலிந்தது. கிடேரிகள் காலம் தவறிச் சினைப்பட்டன, கோடையில் விலா எண்ணும்படி நின்றன. ஒன்றுக்குக் குளம்பு திருகியது, ஒன்றுக்குத் தாடை கோணி, புல்லைப் பிடுங்கத் தெரியாமல் நின்றது. முன்பென்றால் ஒரே பார்வையில் கழித்திருப்பாள். இப்போது ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்து, அடுத்த ஈத்துக்குச் சரியாகும் என்றாள். ராவுத்தர் ஒருநாள் உரித்த மாட்டைத் தொங்கவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சவேரியம்மா, கோபிச்சுக்காதீங்க. இதுல கொழுப்பே ஏறல. எலும்பத் தட்டுனா சுள்ளி மாதிரி சத்தம் வருது. உங்க மாடுன்னா கத்தி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கும். இது உங்க மாடு இல்ல."

"அமலி வர்றாளே ராவுத்தரே. உங்களுக்கு வரலையா?"

ராவுத்தர் கத்தியைத் துடைத்தார். "எனக்கு எப்பவும் ஒண்ணுதான் வருது. அந்தப் பிள்ள ஓரமா நின்னு என் கையப் பாத்துக்கிட்டு இருக்கு. பயமில்ல. அருவருப்பும் இல்ல. விழுகிற மாட்டுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுது. நானும் பிஸ்மி சொல்றேன். ரெண்டு பேரும் சேந்துதான் அனுப்பி வைக்கிறோம்." தொங்கிய மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாதிரி மாட்ட அந்தப் பிள்ள பாத்தா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியல."

அன்றைக்கும் அவள் செங்காரியை மந்தையிலிருந்து பிரிக்கவில்லை.

அந்த வருஷம் வெள்ளச்சி என்ற பசு கன்று போட்டது. செங்காரியின் மகள் அது. கன்றுக்கும் அப்பன் செங்காரிதான். கன்றுக்கு இமை பிரியாமல் ஒட்டியிருந்தது, முன்னங்கால் இரண்டும் உள்பக்கம் மடங்கியிருந்தன. வெள்ளச்சி நக்கியது. நக்கி நக்கி, மூக்கால் முட்டி, எழு எழு என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. கன்று எழவில்லை. வெயில் ஏறுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. சூசை அதற்குப் பேர் வைக்காமல் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தான். வெள்ளச்சி பட்டி வேலியை முட்டிச் சாய்த்துவிட்டுச் சரிவில் ஏறி, மரச்சிலுவைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கத்தத் தொடங்கியது. மேயவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஒவ்வொரு கத்தலுக்குப் பிறகும் காதை முன்னால் விட்டுப் பதிலுக்காக நின்றது, பதில் வராததும் மறுபடி கத்தியது. மடி கட்டிப் பால் தானாகச் சொட்டிப் புல்லை நனைத்தது.

சவேரியம்மாள் வீட்டுக்குள் இருந்து கேட்டாள். காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அந்தக் கத்தலின் நீளமும், நடுவில் விட்ட இடைவெளியும், அந்த இடைவெளியில் இருந்த நம்பிக்கையும் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தன. மண்வெட்டிகள் ஓய்ந்த பிறகு அதே இடத்தில் நின்று அவளே அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். எழுந்து ஏறிப்போனாள். வெள்ளச்சியின் பக்கத்தில் குந்தி, கல்லாகக் கனத்திருந்த மடியைத் தடவி, பாலை மண்ணிலேயே கறந்துவிட்டாள். மாடு அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தம் அவள் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. "நான்தான்டி பண்ணுனேன்" என்றாள். "நான்தான் பண்ணுனேன். என் பிள்ளையத் தேடி உன் பிள்ளையக் கொண்டுபோட்டேன்."

இருட்டுவதற்கு முன்னால் இறங்கிவந்து சூசையிடம் சொன்னாள்: "வேற காளை வேணும். நம்ம ரத்தமே படாததா, தூரத்துலருந்து."

சூசை அவளையே பார்த்தான். "கரைஞ்சு போயிருவாளே சவேரி" என்றான். கறி தொடாதவன் அவன். அவன் வாயிலிருந்துதான் அது வந்தது.

மறுநாள் மலையிறங்கிப்போய், கிழக்கே ஒரு சந்தையிலிருந்து கருப்புக் காளை ஒன்றைப் பிடித்துவந்தான். செங்காரியின் மகன்கள் எல்லாவற்றுக்கும் காயடித்தான். செங்காரியை மட்டும் ராவுத்தருக்கு அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை; மந்தையிலிருந்து பிரித்து, ஓடைக்கரையில் தனி வேலிக்குள் விட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கொஞ்சநாள் பொறுக்கக்கூடாதா, சின்னவன் முதல்தடவ நற்கருணை வாங்குற புதுநன்மை வருது, அதுவரைக்குமாவது என்றார்கள். தேவசகாயம் வாசலில் நின்று அழுதான். எல்லோரும் போன பிறகும் ரோசம்மா போகவில்லை.

"உனக்கு அவ பொறந்தா, வளந்தா, போயிட்டா. எனக்குன்னு பொறக்கவே இல்லையே சவேரி. மாசம் ஒருதடவ வந்துட்டுப் போறா, அதையும் நிறுத்தினா நான் எங்க போவேன்?"

சவேரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னு எழுந்திருக்கலக்கா" என்றாள். ரோசம்மா கையை உருவிக்கொண்டு இறங்கிப் போனாள். அதன்பிறகு ரொம்ப காலம் அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

கருப்புக் காளையின் கன்றுகள் விழுந்த உடனே எழுந்தன. நக்கி முடிப்பதற்குள் மடியைத் தேடின. வெள்ளச்சியும் அடுத்த ஈத்தில் ஒரு கிடேரி போட்டது. அது நின்று, நடந்து, துள்ளி, வேலியில் முட்டிக்கொண்டதைப் பார்த்து சூசை சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ காலமாயிருந்தது. சவேரியம்மாளுக்குப் பழைய கண் திரும்பிவிட்டது; கழிக்கவேண்டியதைக் கழித்தாள், நிறுத்தவேண்டியதை நிறுத்தினாள். கோடையிலும் மந்தை உருண்டு திரண்டு, எண்ணெய் பூசின மாதிரி நின்றது. வேறு மலைக்காரர்கள் வந்து காளைக்கன்றுக்குச் சொல்லிவைத்துப் போனார்கள். அவள் மாட்டுக்கு அப்படி ஒரு பேர் அதற்குமுன் இருந்ததில்லை.

அமலி கரைந்தாள். முதலில் பேச்சு போயிற்று, முணுமுணுப்பு மட்டும் இருந்தது. பிறகு முகங்கள் போயின, பள்ளிக்கூடப் பாவாடையின் நீலம் மட்டும் இருந்தது. பிறகு ஈரத்தலையின் வாசனை. பிறகு விழுங்கும்போது தொண்டையில் ஒரு குளிர்ச்சி, அதுவும் மழைநாளில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புகள் குறைந்தன. சொல்ல ஒன்றுமில்லாமல் வந்து, காப்பி குடித்துவிட்டு, விலைவாசி பேசிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். வெறுங்கையோடு வருவதற்குக் கூச்சப்பட்டு நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். ஜெரால்டின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்துவிட்டாள். ஒரு பண்டிகையன்று மேட்டுவீட்டில் அவள் தட்டில் சவேரியம்மாள் கறி வைத்துவிட்டு, பக்கத்திலேயே குந்தி, அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, ஏதாச்சும் வந்துச்சா?"

பிள்ளை யோசித்தாள். வாய்க்குள் நாக்கைச் சுழற்றி நல்லாவே தேடிப் பார்த்தாள்.

"உப்புதான் கொஞ்சம் கம்மி பாட்டி" என்றாள்.

சவேரியம்மாள் உள்ளே போய் உப்பு எடுத்துவந்து போட்டாள்.

செங்காரி மட்டும் ஓடைக்கரையில் கிழடாகிக்கொண்டே வந்தது. ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அது பின்னங்கால் வராமல் உட்கார்ந்துவிட்டது. புல்லை அறுத்து வாயருகே வைத்தாலும் திரும்பிக்கொண்டது. ராவுத்தர் அப்போது கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இதற்குத் தானேதான் வரவேண்டும் என்று கம்பு ஊன்றி மலையேறி வந்தார். காரியம் முடிந்ததும் ஊர் ஒரு பங்கும் எடுக்காமல் மொத்தத்தையும் மேட்டுவீட்டுக்கே விட்டுவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. பங்கு வாங்கச் சட்டி எடுத்துக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை, அவ்வளவுதான். ரோசம்மா மட்டும் ஓடையைத் தாண்டி வந்து, ஒரு கைப்பிடி கொத்துமல்லியை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

சவேரியம்மாள் அதைக் கிள்ளிப்போட்டுக் குழம்பு வைத்தாள். கிழட்டுக் கறி, வேக நேரமாயிற்று. இரண்டு தட்டு வைத்தாள்.

"ஏங்க."

சூசை வாசலில் நின்றிருந்தான்.

"இத்தன வருஷமா நான் தின்னுட்டேன். எனக்கு வரல, இனிமேலும் வராது. நீங்க அவளப் பெத்த அப்பன். உங்களுக்கு வரும். இது கடைசி. ஒருவாய்."

அவன் உள்ளே வந்தான். பிறகு போய்க் கையைக் கழுவினான், வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான், சிலுவை போட்டுக்கொண்டான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றான். வெளியே சாரல் பிடித்துக்கொண்டது. சவேரியம்மாள் தன் தட்டைத் தொடாமல் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விழுங்கினான். கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது.

"என்னங்க? என்ன வந்துச்சு?"

"செவப்புக் குடை" என்றான் சூசை.

அவள் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பாடிக்கிட்டே ஏறுறா. பயமெல்லாம் ஒண்ணுமில்ல. காளான் முளைச்சிருக்கு மேல. வெள்ள வெளேர்னு. குடையத் தோள்ல சாச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு பறிக்கிறா. ராத்திரிக்கு அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு நினைக்கிறா. நினைச்சுக்கிட்டே இருக்கா. அதோட முடிஞ்சிருச்சு. வலியெல்லாம் இல்ல சவேரி. ஒண்ணுமே தெரியல அவளுக்கு."

காளான் இடிக்கு முளைப்பது. ஐப்பசியில் இடி இடித்தால்தான் அந்தச் சரிவு காளான் தரும். ஆடிச் சாரலில் அங்கே ஒரு மொட்டுகூட ஒருநாளும் தலைகாட்டியதில்லை. கல்யாணம் முடிந்து இந்த மலைக்கு வந்த வருஷத்திலிருந்து அவளுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும்.

சவேரியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. பொய்யைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு, எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நடுங்கியது.

"நெறைய இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"மடி நெறைய" என்றான்.

அவள் கரண்டியை எடுத்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். பிறகு தன் தட்டை இழுத்துவைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் தோள் ஒட்ட நகர்ந்து உட்கார்ந்து, சாப்பிடத் தொடங்கினாள்.